காய்ச்சல் நோட்டு

22 ஜனவரி 2024, திங்கள்

காலை ஏழரைக்கு அம்மாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். பன்னிரண்டே காலுக்குத்தான் கதவு திறந்தது. இடுப்புப் பகுதி முள்ளெலும்பில் நாலாவது, ஐந்தாவதின் மேலிருந்து முன்னுக்கு நழுவி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து நான்கு திருகாணியும் இரண்டு கம்பியும், ஜவ்வு இருந்த இடத்தில் ஒரு சின்னக் கூண்டும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் டைட்டானியம். டாக்டர் முகத்தில் களைப்பு இருந்தது, கலக்கம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசியே எடுத்தது.

நவம்பரிலேயே நடந்திருக்க வேண்டிய ஆபரேஷன். அப்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.2 என்று வந்தது. "இந்தச் சர்க்கரையில கத்தி வைக்க மாட்டேன், புண் ஆறாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்சுலின் போட்டு 7.4க்கு இறக்கினோம். அதற்குப் பிறகும் பொங்கல் பூவைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நிலக்கோட்டையில் முப்பத்து நான்கு வருடம் சம்மணமிட்டுப் பூக்கட்டிய இடுப்பு அது.

ஒப்புதல் தாளில் நூற்றில் ஓரிருவருக்குக் கிருமித் தொற்று வரலாம் என்று ஒரு வரி இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல் என்று டாக்டர் வாயாலும் சொன்னார். கையெழுத்துப் போட்டது நான்தான்.

23 ஜனவரி, செவ்வாய்

மாலை 100.8. பதறிப்போய் சிஸ்டரிடம் ஓடினேன். முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் கிருமியால் வருவதில்லையாம். அறுத்த சதையும் கட்டிய ரத்தமும் உடம்பைச் சூடாக்கும். படுத்தே கிடப்பதால் நெஞ்சில் சளி சேராமலிருக்க, மூன்று பந்துள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியை மணிக்கொரு தரம் இழுக்கச் சொன்னார். அம்மா இழுத்தால் ஒரு பந்து மட்டும் எழும்புகிறது.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். நேரம், சூடு, மாத்திரை, வலி. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். வலிக்காகக் கொடுக்கிற பாராசிட்டமால் காய்ச்சலையும் அமுக்கிவிடும். அதனால் மாத்திரை போடுவதற்கு முன்னால் சூடு பார்க்க வேண்டும், போட்ட பிறகு பார்ப்பதில் அர்த்தமில்லை. அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக் காட்டும் என்றும் சொன்னார். இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். 98.6. அம்மா எழுந்து நடந்தாள். பெல்ட் போட்டு, வாக்கரைப் பிடித்து, கட்டிலிலிருந்து கதவுவரை. காலில் ஓடிக்கொண்டிருந்த மின்சார வலி இல்லை என்கிறாள். சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள், முதுகில் ரத்தம் வடிய வைத்திருந்த குழாயையும். ஜன்னல் வழியே பஸ் கூரையைப் பார்த்துப் பழனி முருகனுக்குக் கும்பிடு போட்டாள்.

27 ஜனவரி, சனி

டிஸ்சார்ஜ். பதினாறு கிளிப். பிப்ரவரி 5 வந்தால் பிரித்துவிடலாம்.

31 ஜனவரி, புதன்

இரவு முதுகு வலி கூடியிருக்கிறது. கால் வலி இல்லை, முதுகு மட்டும். நடக்க ஆரம்பித்ததால் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். சூடு 99.2.

வீட்டுக்கு வந்த அன்றே சின்னம்மா வந்து பத்தியம் போட்டுவிட்டுப் போனாள். கருவாடு, கத்தரிக்காய், முட்டை எதுவும் கூடாது, சீழ் வைக்கும். அம்மா ஐந்து நாளாக ரசம் சாதம், இட்லி, பால்.

2 பிப்ரவரி, வெள்ளி

மாலை 101.2. மாத்திரைக்கு முன்னால் பார்த்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண், "அஞ்சாம் தேதிதானே ரிவ்யூ, அதுவரைக்கும் பாராசிட்டமால் போடுங்க" என்றாள். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. கட்டு காய்ந்திருக்கிறதா, ஓரம் சிவந்திருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. "ஊரெல்லாம் வைரல் காய்ச்சல்" என்று ஓர் ஊசியும், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ராத்திரிக்குள் சூடு 99க்கு இறங்கியதும், நல்லவேளை வந்தோம் என்றுகூட நினைத்தேன்.

5 பிப்ரவரி, திங்கள், விடியற்காலை

மதுரையில் அதே ஆஸ்பத்திரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று இரவு பத்து மணிக்கு நடுக்கம் ஆரம்பித்தது. இரண்டு கம்பளியும் ஒரு ஜமுக்காளமும் போர்த்தியும் கட்டில் ஆடியது. இருபது நிமிடம். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. நடுக்கம் நின்றதும் 103.4. அதற்குப் பிறகு அம்மா அமைதியானாள், அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. கண் பாதி திறந்திருந்தது. இரண்டு கையும் நெஞ்சுக்கு மேல் வந்தன. இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதையோ இடுக்கிக்கொண்டன, வலது கை சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று. பூவும் இல்லை, நாரும் இல்லை. விரல் மட்டும் ஒரு பிசகில்லாமல் கட்டிக்கொண்டே போனது.

"நார நனைச்சியாத்தா?" என்று கேட்டாள்.

"நனைச்சிட்டேம்மா."

வேறென்ன சொல்வது.

புரட்டிப் படுக்கவைத்தபோது சேலையில் ஈரம். கட்டின் கீழ் ஓரத்திலிருந்து நீராகாரம் போலக் கலங்கலாக, லேசான மஞ்சளில் கசிந்திருந்தது. கட்டை நான் பிரிக்கவில்லை. சுத்தமான துணியை மேலே வைத்து, பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

இங்கே பிபி 94க்கு 60. டிரிப்ஸ் ஓடுகிறது. டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். வந்ததும் அம்மாவின் தலையை மெல்ல மடக்கி, கழுத்து விறைத்திருக்கிறதா என்று பார்த்தார். தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்குத் தொற்று போயிருந்தால் கழுத்து மடங்காதாம். மடங்கியது. காலை அசைக்கச் சொன்னார், அசைத்தாள். பிறகு இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்துச் சின்னப் புட்டிகளில் விட்டார். ஒரு கையில் மட்டும் எடுத்து ஏதாவது வளர்ந்தால், அது தோலிலிருந்து ஒட்டிய கிருமியா ரத்தத்தில் இருந்ததா என்று சந்தேகம் வருமாம். விரல்கள் கட்டுவதை அவரும் பார்த்தார். காய்ச்சல் மூளையைக் குழப்பும்போது போர்வையை நிமிண்டுவார்கள், இல்லாததைப் பிடிப்பார்கள், அது மோசமான அறிகுறி, சீக்கிரம் வந்தது நல்லது என்றார்.

சீக்கிரமா?

5 பிப்ரவரி, இரவு

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 148. ஆபரேஷன் ஆன எவருக்கும் இரண்டாம் மூன்றாம் நாள் இது உச்சத்துக்குப் போய்விட்டு, இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட வேண்டுமாம். இன்று பதினான்காம் நாள். இறங்கியிருக்க வேண்டியது ஏறியிருக்கிறது. அதே மாதிரி இன்னொரு சோதனையான இஎஸ்ஆர் இறங்க ஆறு வாரம்கூட ஆகும், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார் டாக்டர். எம்ஆர்ஐயில் திருகாணியைச் சுற்றி நிழல் விழுந்தாலும், தசைக்கு அடியில் நீர் கோத்திருப்பது தெரிந்தது.

"வேற என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டார். மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஆறு குழி காலியாக இருந்தது. பின்பக்கத்துச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "காய்ச்சல் இறங்குச்சா?" "இறங்குச்சு சார்." "அதான் கஷ்டம். அடிச்சும் அடிக்காமலும் விட்ட பாம்பு மாதிரி இது. ரத்தத்துல கிருமி வளராமப் போகலாம். உள்ள இருக்கிற சீழ் அப்படியேதான் இருக்கும்."

போனில் சொன்னதையும் சொன்னேன். நோட்டில் நேரத்தோடு இருக்கிறது என்று காட்டினேன். 2ஆம் தேதி பக்கத்தைத் திருப்பி இரண்டு தடவை படித்தார். ஆபரேஷன் ஆனவர் வீட்டிலிருந்து காய்ச்சல் என்று போன் வந்தால் தன்னிடம் கொடுக்காமல் வைக்கக் கூடாது என்று அங்கேயே நின்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

பதினொரு மணிக்கு மறுபடி தியேட்டர். அதே கதவு, அதே பெஞ்ச்.

6 பிப்ரவரி, செவ்வாய்

ஒன்பது லிட்டர் சலைன் விட்டுக் கழுவினார்களாம். ஒன்பது லிட்டர் என்றால் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்துக்குக் கிட்டத்தட்ட. செத்த சதையைச் சுரண்டி, ஒட்டாமல் கிடந்த எலும்புத் துண்டுகளை எடுத்து, ஐந்து இடத்திலிருந்து சதை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

திருகாணியை எடுக்கவில்லை. அந்நிய இரும்பு உள்ளே இருக்கும்வரை சீழ் போகாது, பிடுங்கி எறியச் சொல் என்று திருப்பூரிலிருந்து தம்பி போனில் கத்தினான். எனக்கும் அதே கேள்விதான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிருமி உலோகத்தில் ஒட்டியதும் தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து எளிதில் நுழையாது, உடம்பின் வெள்ளணுவும் நுழையாது. நான் புரிந்துகொண்டது, குளத்துப் படிக்கட்டுப் பாசி. தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதல் சில வாரத்தில் பாசி இளசு, தேய்த்துக் கழுவி மருந்தும் கொடுத்தால் உலோகத்தைக் காப்பாற்றலாம். இப்போது திருகாணியை எடுத்தால் எலும்பு இன்னும் கூடவில்லை, முதுகு நிற்காது, ஆட்டமே தொற்றை வளர்க்கும். மாதக்கணக்கில் விட்டிருந்தால் பேச்சு வேறு என்றார்.

இரண்டு மருந்து ஊசியில் ஓடுகிறது. கல்ச்சர் வந்ததும் ஒன்றை நிறுத்துவார்களாம்.

அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிகிறது. தண்ணீர் கேட்டாள். கை போர்வைக்குள் சும்மா கிடக்கிறது.

8 பிப்ரவரி, வியாழன்

கிருமிக்குப் பெயர் வந்துவிட்டது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஐந்து துண்டில் நான்கில் வளர்ந்திருக்கிறது. ரத்தப் புட்டிகளில் இதுவரை ஒன்றுமில்லை. ரத்தத்தில் பரவவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அந்த ஆறு மாத்திரை மறைத்துவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்புக்கு வருடாவருடம் நுண்ணுயிரிகள் பாடம் நடத்துகிறேன். இந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880இல் சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கொத்துக் கொத்தாக இருந்ததால் 1882இல் இதற்குக் கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்து என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தார். திண்டுக்கல் சாலையோரம் கூடை கூடையாகப் பன்னீர் திராட்சை வைத்திருப்பார்களே, அதைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பத்துப் பேரில் மூன்று பேர் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கிறது, ஒன்றும் செய்வதில்லை என்றும் சொல்வேன். என் மூக்கிலும் இருக்கலாம், அம்மாவின் மூக்கிலும் இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய கிருமித் தடுப்பு ஊசியைக் கொடுத்திருக்கிறார்கள், கேஸ் ஷீட்டில் நேரம் இருக்கிறது. நான் கேட்டேன், காட்டினார்.

ஆனால் இது எம்ஆர்எஸ்ஏ. பெனிசிலின் வகை எதற்கும் மசியாது. தெருமுனை கிளினிக் கொடுத்த மாத்திரைக்கு எதிரே ரிப்போர்ட்டில் எதிர்ப்பு என்று போட்டிருந்தது. வான்கோமைசினுக்கு எதிரே கட்டுப்படும் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லில் என் விரலை வைத்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார் என்பது எங்கள் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வி. 1945இல் நோபல் உரையிலேயே, அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று அவர் எச்சரித்ததை யாரும் கேள்வியாக வைப்பதில்லை. திரும்பிப் போனதும் நான் வைப்பேன்.

9 பிப்ரவரி, வெள்ளி

வான்கோமைசின் ஏறும்போது அம்மாவின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகி, மேலெல்லாம் அரித்தது. ஒவ்வாமை என்று பயந்தேன். சிஸ்டர் உடனே நிறுத்தி, டாக்டரைக் கேட்டு, அடங்கிய பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டார். வேகமாக ஏறினால் இப்படி வருமாம், மெதுவாகப் போட்டால் தாங்கும். சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். போர்னியோ தீவுக் காட்டு மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிரித்து, 1958இல் பழக்கத்துக்கு வந்த மருந்து இது. ஆரம்ப நாளில் சேற்று நிறத்தில்தான் இருந்ததாம். அம்மாவுக்கு ஏறுவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. "மண்ணுல இருந்தா எடுத்தாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

12 பிப்ரவரி, திங்கள்

98.8. 98.4. 98.6. மூன்று நாளாக நடுக்கம் இல்லை. சிஆர்பி 61.

டயட்டீஷியன் வந்து அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். பத்தியத்தைச் சொன்னேன். அவருக்கு ஆற்றாமை. புண் கூடுவதற்குச் சதை எங்கிருந்து வரும், ரசத்திலிருந்தா என்றார். நாளைக்கு இரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், மீன் கிடைத்தால் மீன். சீழ் வைப்பது கிருமி, கத்தரிக்காய் இல்லை. சின்னம்மாவைப் போனில் பிடித்து அவரையே பேசவைத்தேன். ராத்திரி சின்னம்மா அவித்த முட்டை நான்கை, ஊருக்கு வந்திருந்த தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

17 பிப்ரவரி, சனி

புண் காய்ந்துவிட்டது. இன்றிலிருந்து கூடவே ரிஃபாம்பிசின். படலத்துக்குள் புகுந்து வேலை செய்யும், ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் பழகிவிடும், அதனால் எப்போதும் இன்னொரு மருந்தின் துணையோடுதான் கொடுப்பார்களாம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வேர்வைகூட ரவிக்கையில் செம்மஞ்சளாகப் படிகிறது.

21 பிப்ரவரி, புதன்

வீட்டுக்கு வந்தோம். மேல்கையிலிருந்து இதயத்துக்குப் பக்கம்வரை போகிற மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். பிக் லைன். ஊசியை, நாளைக்கு ஒரு தடவை போதும் என்கிற டெய்கோபிளானினுக்கு மாற்றியாயிற்று. ரிட்டயர்டு சிஸ்டர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், காலை ஏழு மணிக்கு வந்து போடுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவுவார். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு. நான் நின்று பார்ப்பேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை, "பாருத்தா, நல்லாப் பாரு" என்கிறார்.

மருந்துக்கடையில் ரிஃபாம்பிசின் சீட்டைப் பார்த்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "டிபியா?" என்றார். இல்லை என்று விளக்கினேன். அதற்குள் பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார். டிபியாகவே இருந்தாலும் அப்படித் தள்ளிப் போக என்ன இருக்கிறது?

3 மார்ச், ஞாயிறு

நேற்று இரவு ஒன்பதுக்கு 99.6. நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கட்டு காய்ந்திருக்கிறது, நடுக்கமில்லை, முதுகு வலி கூடவில்லை. பன்னிரண்டுக்கு 99.2. மூன்றுக்கு 98.6. ஆறு மணிக்கு டாக்டர் கொடுத்த நம்பருக்கே நேராகப் பேசினேன். சிஆர்பி எடுக்கச் சொன்னார். சாயங்காலம் ரிப்போர்ட், 11. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ரிப்போர்ட் வருகிறவரைக்கும் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

18 மார்ச், திங்கள்

ஊசி ஆரம்பித்து இன்றோடு ஆறு வாரம். சிஆர்பி 4. எக்ஸ்ரேயில் திருகாணி நான்கும் வைத்த இடத்தில் இருக்கின்றன. இன்னும் ஆறு வாரம் மாத்திரை மட்டும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. முழுசாகக் குணம் என்று டாக்டர் சொல்லவில்லை. "ஒரு வருஷம் போகட்டும், காய்ச்சல்னா எனக்கு முதல்ல சொல்லணும்" என்றார். அம்மா தலையாட்டினாள். நானும்.

பிக் லைனை எடுத்தார்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்லி, சிஸ்டர் மெல்ல இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் உள்ளே இருந்ததா என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். நுனி முழுசாக வந்திருக்கிறதா என்று பார்த்து ஸ்கேலில் அளந்துவிட்டுத் தட்டில் போடப் போன சிஸ்டரை, "செத்த இரும்மா" என்று நிறுத்தினாள். முழங்கையை மடக்கித் தட்டுக்கு மேல் நீட்டி, தொடாமல், குழாயோடு ஒட்டவைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு விரக்கட கொறையுது முழத்துக்கு."